முளைப்பாரிக்கு அடியில் இரண்டு படி

என் அம்மா பதினாறு வயதில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். அதன் பிறகு ஈப்போ, கிள்ளான், சிங்கப்பூர் என்று எங்கே யாருக்குக் கல்யாணம், யாருக்குப் பிரசவம் என்றாலும் துணிமூட்டையோடு கிளம்பிவிடுவார். சாவு வீட்டுக்குப் போனால்கூடத் திரும்புகிற வழியில் இன்னோர் ஊரைப் பார்த்துவிட்டுத்தான் வருவார். மலாக்கா காஜா பேராங்கில் எங்கள் தெருக்காரர்கள், "உங்கப்பா தாலி கட்டுனப்பவே உங்கம்மா பஸ்ஸுக்குத்தான் நின்னுக்கிட்டு இருந்திருக்கும்" என்பார்கள். அப்பா மறுத்ததில்லை.

ஜப்பான்காரன் வந்ததும் பஸ் குறைந்தது. மலாக்காவிலிருந்து தம்பின் போகிற தண்டவாளத்தையே பிடுங்கிக்கொண்டு போனார்கள். அம்மாவுக்கு அரிசி இல்லாமல் போனதைவிட அது பெரிய துக்கம். அந்தச் சமயத்தில்தான் என் அக்கா பெண் குழந்தை பெற்றாள். அம்மா முப்பத்தாறு வயதில் பாட்டியானார்.

பிள்ளை பிறந்து நாலு நாளாகியும் அக்காவுக்குப் பால் ஊறவில்லை. காலையில் மரவள்ளிக்கிழங்கு, மதியம் மரவள்ளிக்கிழங்கு, இரவில் அதன் இலை. பிள்ளை பசியில் கத்தியது. அதைப் பார்த்து அக்கா அழுதாள். வந்து பார்த்த மருத்துவச்சி, "பூண்டு போட்டு நாலு வேளை சோறு தின்னா பால் தானா வரும். கெழங்கத் தின்னா என்ன வரும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அலோர் காஜா பக்கம் வயல் வைத்திருந்த ஒரு மலாய்க்காரப் பெண்மணியை அம்மாவுக்குத் தெரியும். எப்போதோ ரயிலில் வெற்றிலை மாற்றிக்கொண்ட பழக்கம். அரிசி அங்கே கிடைக்கும். கொண்டுவருவதுதான் சிக்கல். வழியில் செங் சந்தியில் நிற்கும் சிப்பாய்கள் மூட்டைகளைக் குடைவார்கள். அகப்பட்டால் அரிசியும் போகும், அறையும் விழும்.

அம்மா நாள் பார்த்து விடியுமுன்னே கிளம்பினார். எங்கள் பக்கத்து மாரியம்மன் கோயிலில் அன்று திருவிழாவின் கடைசி நாள், முளைப்பாரியை ஆற்றில் கரைக்கும் நாள். பதினோரு வயதுக்காரியான என்னையும் இழுத்துக்கொண்டு பாதி தூரம் மாட்டுவண்டி, பாதி தூரம் நடை. தன் பட்டுச்சேலையைக் கொடுத்து இரண்டு படி அரிசி வாங்கினார். பிறகு பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒரு தோழி வளர்த்து வைத்திருந்த முளைப்பாரியைக் கேட்டு வாங்கினார். இருட்டறையில் வளர்ந்த பயறு வேர் பின்னிப் பாய் மாதிரி இருந்தது. அதை அப்படியே தூக்கி, சட்டிக்குள் அரிசி முடிச்சை வைத்து, மேலே மூடினார். அம்மன் கண்டுகொள்ளமாட்டாள், அவளும் ஒரு தாய்தானே என்றார்.

செங் சந்திக்கு வந்தோம். சிப்பாயைக் கண்டால் குனிந்து வணங்க வேண்டும். தலையில் சட்டியோடு எப்படிக் குனிவது? அம்மா கழுத்தை அசைக்காமல் முழங்காலை மட்டும் மடக்கி, இல்லாத முக்காலியில் உட்காருகிறவர் போல மெல்ல இறங்கினார், மெல்ல எழுந்தார். அது வணக்கமா இல்லையா என்று சிப்பாய்க்கு விளங்கவில்லை. இன்னொரு முறை செய்யச் சொல்லிக் கையைக் காட்டினான். மூன்றாம் முறைக்குக் கூட்டாளியையும் கூப்பிட்டான். இரண்டு பேரும் சிரித்து, முளையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். நூறடி தாண்டியதும் அம்மா, "முட்டி போச்சுடி" என்றார்.

நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். எங்கள் தெருமுனையில் முளைப்பாரிப் பெண்கள் எதிரே வந்துவிட்டார்கள். அம்மாவின் தலையைப் பார்த்ததும் குலவையிட்டார்கள். அம்மா வீட்டுப் பக்கம் நழுவப் பார்த்தார். இரண்டு பேர் கையைப் பிடித்து நடுவில் சேர்த்துக்கொண்டார்கள். ஜப்பான்காரனிடம் தப்பிய அரிசி அம்மனிடம் மாட்டிக்கொண்டது. நான் அழுதேன். பக்தி முற்றிவிட்டது என்று நினைத்து ஒருத்தி என் நெற்றியில் திருநீறு பூசினாள்.

ஆற்றங்கரையில் ஒவ்வொரு சட்டியாகத் தண்ணீரில் கவிழ்ந்தது. அம்மாவின் முறை வந்தபோது, கோயிலில் சுத்தபத்தம் பார்ப்பதையே வேலையாக வைத்திருந்த ஒரு மூத்த பெண்மணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"ஏண்டி, ஒம் மக பெத்து அஞ்சு நாளுதானே ஆவுது? பிரசவத் தீட்ட வீட்டுல வச்சிக்கிட்டா முளைப்பாரி தூக்கிட்டு வந்தே?"

குலவை நின்றது. கையைப் பிடித்திருந்தவர்கள் விட்டுவிட்டுத் தள்ளி நின்றார்கள். எந்த ஊருக்கு எந்த வண்டி என்று தூக்கத்திலும் சொல்லக்கூடிய என் அம்மா, சொந்த வீட்டுத் தீட்டைச் சுத்தமாக மறந்திருந்தார். அப்புறம்தான் அவருக்கு அதில் ஒரு வழி தெரிந்தது.

"தெரியாம செஞ்சிட்டேன்க்கா. அப்ப இத ஆத்துல எறக்கக் கூடாதா?"

"எறக்குவியா நீ? மத்தவங்க நேர்த்திக்கடன் என்னாவுறது? தூக்கிட்டு வீட்டுக்குப் போ. ஒங்க கெணத்தடியில கொட்டு."

தெரு முழுக்க ஏச்சு. அம்மா அவ்வளவு பணிவாக ஏச்சு வாங்கி நான் பார்த்ததில்லை. சரிக்கா, சரிக்கா என்று சொல்லிக்கொண்டே ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார்.

அன்றைக்கே சோறு வடித்தோம். முளைப்பாரி மண் முடிச்சுக்குள் இறங்கியிருந்தது. எத்தனை தண்ணீரில் அலசியும் போகவில்லை. அக்கா முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு, மண் நறநறவென்கிறது என்றாள். "மெல்லாத, முழுங்கு" என்றார் அம்மா. முழுங்கினாள். தட்டை வழித்துவிட்டு இன்னும் கேட்டாள்.

மூன்றாம் நாள் விடிகாலையில் குழந்தை கத்தவில்லை. பயந்துபோய் எழுந்து ஓடினோம். அக்காவின் மடியில் அது கண்ணை மூடிக் குடித்துக்கொண்டிருந்தது.

அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு, "மூவார்ல பால்சுறா கெடைக்குதாம். பால் நல்லா ஊறும். ஒரு நடை போய்ட்டு வந்துடறேன்" என்றார்.

அப்பா போர்வையைத் தலைக்கு மேலே இழுத்துக்கொண்டார்.