மூட்டைகளுக்கு நடுவே ஒரு நாற்காலி

மண்ணை விலைக்கு விற்பவளை யாரும் நம்புவதில்லை. அதையே பையில் அடைத்து, மேலே தக்காளிப் படம் அச்சடித்து விற்றால், நம்பாததோடு மோந்தும் பார்க்கிறார்கள்.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பால்கனிக் கம்பிக் கூண்டுக்குள், காயப்போட்ட புடவைக்கும் காலி சிலிண்டருக்கும் நடுவே கத்தரி நாற்று வளர்த்துப் பார்த்தவர்கள் நீங்கள். உங்களுக்கு என்ன நடந்ததோ அதுதான் எனக்கும் நடந்தது. இன்ஷூரன்ஸ் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்று, அவரும் போன பிறகு, வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்கத் தொடங்கியது. அதைக் கேட்காமலிருக்க நாற்றுப் போட்டேன். நாற்றுகள் செத்தன. செம்பூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் பால்ராஜின் நர்சரிக்குப் போய், "இது உரம் இல்லை, இனிமேல் உரமாகப் போகிற குப்பை" என்று பையைக் கொட்டிக் காட்டிச் சண்டை போட்டேன். பால்ராஜ் தாராவியில் பிறந்து வளர்ந்தவன். அவன் அப்பா நாசரேத் பக்கம். சண்டையை முழுதாகக் கேட்டுவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து மூட்டை ஷெட்டில் போட்டான். "இவ்வளவு வெவரமா ஏசுதியளே, இங்கனயே இருந்து வாறவங்களுக்குச் சொல்லுங்கம்மா" என்றான்.

அப்படிக் கிடைத்ததுதான் என் வேலை. காலை முழுக்க யாராவது என்னோடு பேசுகிறார்கள். பாதிப்பேர் திட்டுகிறார்கள், ஆனாலும் பேச்சுதானே. போன மழைக்காலத்தில் ஒரு லோடு சரியாக மக்காமல் வந்து, வாங்கியவர்களின் நாற்றையெல்லாம் பொசுக்கிவிட்டது. செத்த செடிகளைத் தொட்டியோடு கொண்டுவந்து கடை வாசலில் வரிசையாக வைத்துவிட்டுப் போனார்கள். பார்க்க இழவு வீடு மாதிரி இருந்தது. இந்த வருஷம் ஜூனில், முதல் மழையோடு, ஒரு டெம்போ நிறைய பிளாஸ்டிக் பாக்கு மரங்கள் வந்து இறங்கின. தீபாவளிக்குள் ஒரே ஒரு மூட்டை கம்ப்ளெயிண்ட் என்று திரும்பி வந்தாலும் ஷெட்டைப் பிளாஸ்டிக் செடிகளுக்குக் கொடுத்துவிடப் போவதாகப் பால்ராஜ் சொன்னான். என் நாற்காலி என்னாகும் என்று கேட்டேன்.

"அது கல்லாப் பக்கத்துல கெடக்கும்மா. ஆனா அங்க உக்காந்து நீங்க யாருகிட்ட பேசுவிய?"

வெந்தயப் பரீட்சை

அதற்குப் பிறகு நான் கொஞ்சம் கடுமையாகிவிட்டேன். மூட்டையைத் திறந்தால் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடிப்பேன். கொழுக்கட்டைபோல் நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். தண்ணீர் சொட்டினால், நீங்கள் தண்ணீரை எடை போட்டு வாங்குகிறீர்கள். உள்ளே கை விட்டால் சூடு தெரியக் கூடாது. வெங்காயத் தோலும் முட்டை ஓடும் இன்னும் தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தால் அது தயாராகவில்லை. மழை பெய்து ஓய்ந்த தரையின் வாசனை வர வேண்டும். புளித்த வாடை வந்தால் வாயைக் கட்டி ஓரமாக வைத்துவிடுங்கள். காற்று தேவ்நார் குப்பைமேட்டுப் பக்கத்திலிருந்து அடிக்கிற நாளில் மட்டும் எதையும் மோந்து பார்க்காதீர்கள். அன்றைக்கு மல்லிகைப் பூவும் தேறாது.

கையும் மூக்கும் ஏமாறலாம் என்பதால் கடைசியாக ஒரு பரீட்சை உண்டு. ஒவ்வொரு லோடிலும் கொஞ்சம் எடுத்து, காலி ஸ்ரீகண்ட் இனிப்பு டப்பாக்களில் போட்டு, வெந்தயம் தூவி வைப்பேன். ஒரே சீராக முளைத்து நிமிர்ந்தால் லோடு பாஸ். அழுகினாலோ நுனி கருகினாலோ ஃபெயில். ஜூன் மாத லோடுக்கு வைத்த டப்பாக்களை, ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டு, முடிவு தெரிகிற நாளன்று வந்து பார்த்தேன். ஒன்றில்கூட ஒரு முளை இல்லை, வெறும் மண். லோடு முழுவதையும் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி பால்ராஜ் சப்ளையருக்குப் போன் போட்டு, இந்தியில் குரலை உயர்த்தத் தொடங்கியிருந்தான். அவன் மனைவி எஸ்தர் டிபன் பாக்ஸோடு உள்ளே வந்தாள். டப்பாக்களைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"பாஸ்தாம்மா. நேத்து வேரோட புடுங்கிட்டுப் போயி பருப்புல போட்டேன். நல்ல எளசு."

ஊறிய கட்டி

மாதுங்காவிலிருந்து ராமநாதன் மாமா வருவார். பாலக்காட்டுக் குடும்பம், ரயில்வேயில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். தக்காளி விதையைச் சுத்தமான மண்புழு உரத்தில் போட்டு, ஒன்றும் வரவில்லை என்று வருத்தப்பட்டார். குழந்தை பிறந்த அன்றே அதற்கு இலை போட்டுச் சத்யை விருந்து பரிமாறினால் எப்படி என்று கேட்டேன். விதை தன் கட்டுச்சோற்றைத் தானே எடுத்துக்கொண்டுதான் வருகிறது. அதற்கு வேண்டியது சாப்பாடு இல்லை, மெத்தை. கோகோபீட் என்று கடையில் சொல்கிற தேங்காய் நார்த்தூளைப் பாதிக்கு மேல் போட்டு, சலித்த உரத்தைக் கொஞ்சமாகக் கலந்தால் போதும். நாற்று நாலு இலை விட்டு, பெரிய தொட்டிக்குப் போன பிறகு விருந்து வைக்கலாம்.

மாமா ஒரு பெரிய கோகோபீட் கட்டி வாங்கிக்கொண்டார். பார்க்கச் செங்கல் மாதிரி இருக்கும். தண்ணீர் பட்டால் குணம் மாறிவிடும். ஒரு ஓரத்தை மட்டும் உடைத்து ஊற வையுங்கள் என்றேன். ஆனால் அவர்கள் பில்டிங்கில் தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம்தான். வருகிற நேரத்தில் எல்லாவற்றையும் முடித்துக்கொள்வது பம்பாய்க்காரர்களின் ரத்தத்தில் ஊறிய பழக்கம். குளியலறை டிரம்மில் முழுக் கட்டியையும் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, மாமா கோயிலுக்குப் போய்விட்டார். மகனும் மருமகளும் ஆபீசுக்குக் கிளம்புகிற நேரத்தில், மருமகள் கடைக்குப் போன் போட்டாள். கம்ப்ளெயிண்ட் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் பால்ராஜ் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

"கம்ப்ளெயிண்டே இல்லை மாமி, சரக்கு பிரமாதம். டிரம் ரொம்பி, வழிஞ்சு, இப்போ வாசப்படி வரைக்கும் வந்தாச்சு. இனிமே நாங்க எங்கே குளிக்கறதுன்னு மட்டும் சொல்லுங்கோ."

திரும்பி வந்தது

ஆகஸ்டில் ஒரு நாள் மாமாவின் மனைவியே வந்தார். கையில் மூடி போட்ட எவர்சில்வர் டப்பா. "உங்காத்து உரப் பையிலேர்ந்து வந்தது. திருப்பிக் கொடுக்கலாம்னு கொண்டுவந்தேன்" என்றார். பால்ராஜ் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டான்.

மாமி மூடியைத் திறந்தார். ஈரத் துணிமேல் ஒரு மண்புழு, நலமாக இருந்தது. பையில் எப்போதாவது ஒன்று வரும், தொட்டிக்கு நல்லதுதான், வைத்துக்கொள்ளலாமே என்றேன். மாமிக்கு மனசு வரவில்லை. "கூட்டத்தோட இருந்தது, எங்காத்துல தனியா என்ன பண்ணும்? கையகலத் தொட்டி. பேச்சுத் துணைக்குக்கூட ஆள் கிடையாது. அதுவும் இன்னிக்கு ஏகாதசி. நான் பட்டினி இருப்பேன், அதுவும் இருக்கணுமோ?" என்றார். தனியாக இருக்கிற விஷயத்தில் எனக்கு மேலே வாதம் செய்யத் தெரியவில்லை. வாங்கிக்கொண்டுபோய் மக்கிய இலைக் குவியலில் விட்டேன். மாமி அது உள்ளே இறங்கி மறையும்வரை நின்று பார்த்துவிட்டு, டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டு போனார். இது கணக்கில் சேருமா என்று பால்ராஜைக் கேட்டேன். அவன் மறுபடி ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினான்.

"மூட்ட திரும்பி வரலல்லா. ஆளுதான திரும்பி வந்திருக்கு. சேராது."

சாகாத செடி

ஸ்ருதியை நீங்கள் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். கழுத்தில் ஆபீஸ் அட்டை, காதில் ஒயர், பதினாலாவது மாடியில் வீடு. தமிழ் பேசுவாள், படிக்க வராது. இதுவரை அவள் வாங்கிய எல்லாச் செடியும் செத்துவிட்டதாகச் சொன்னாள். "மணி பிளாண்ட்கூட மர் கயா, ஆன்ட்டி. என் கையிலதான் ஏதோ ப்ராப்ளம்." எந்த உரம் போட்டாய் என்று கேட்டேன். பைமேல் தக்காளிப் படம் அழகாக இருந்ததை வாங்கினாளாம். படத்தைப் பார்த்து வாங்காதே, பையைத் திறந்து பார் என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவள் கண் பிளாஸ்டிக் பாக்கு மரத்தில் போய் நின்றுவிட்டது. அதைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு போனாள். செத்துப்போனவர்களின் துக்கம் போதும் என்று ஒருத்தி முடிவு செய்துவிட்டால் அவளிடம் உரத்தைப் பற்றி என்ன பேசுவது?

பத்து நாளில் திரும்பி வந்தாள். பதினாலாவது மாடி மழைக்காற்றில் மரம் நிற்கவில்லையாம். பால்கனியில் காப்பி குடித்துக்கொண்டிருந்த மாமியார்மேல் விழுந்துவிட்டதாம். பெரிய தொட்டியில் நட்டு வைக்கப் போகிறாள். எந்த உரம் நல்லது என்று கேட்டாள். பிளாஸ்டிக் மரத்துக்கு உரம் சிபாரிசு செய்ய நான் எங்கும் படித்ததில்லை. ஷெட்டின் மூலையில் என் பரீட்சையில் தோற்ற மூட்டை ஒன்று சிவப்பு நாடா கட்டிக் கிடந்தது. ஓட்டல் சமையலறைக் கழிவில் செய்து, ஒருவர் சாம்பிளுக்குக் கொடுத்தது. வெந்தயத்தோடு நான் விதைக்காதது என்னென்னவோ அதில் முளைத்தது. குவியல் போதுமான அளவு சூடேறவில்லை, உள்ளே கிடந்த விதைகள் சாகவில்லை என்று அர்த்தம். நாற்றுக்கு அதைக் கொடுக்க மாட்டேன். இங்கேயோ கெட்டுப்போக ஒன்றும் இல்லை. அடியில் கல்லும் மணலும் போட்டு, மேலே இதை நிரப்பிக்கொள் என்று சும்மாவே கொடுத்தேன். அவள் வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை தண்ணி ஊத்தணும், ஆன்ட்டி?"

தீபாவளிக்கு முந்தின வாரம்

மழை நின்று, அக்டோபர் வெயில் சுட்டு, கடைவீதியில் கந்தீல் விளக்குகள் தொங்கத் தொடங்கிவிட்டன. ஒரு மூட்டைகூடத் திரும்பி வரவில்லை. ஆனாலும் பிளாஸ்டிக் நன்றாக விற்றது. பால்ராஜ் ஒரு காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு ஷெட்டின் நீளத்தை அளந்தான். என் நாற்காலி இருந்த இடத்தில், "கொஞ்சம் காலத் தூக்குங்கம்மா" என்றான். நான் காலைத் தூக்கிக்கொண்டு, வெந்தய டப்பாக்களை வீட்டுக்கு எடுத்துப் போனால் எந்த ஜன்னலில் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதன் பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டிக் பாக்கு மரம் வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே தொட்டியை மடியில் வைத்து அணைத்துக்கொண்டு ஸ்ருதி. "வந்துட்டுல்லா" என்றான் பால்ராஜ், அளந்த டேப்பைக் கையில் பிடித்தபடி. நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன், இப்போதே பழகிக்கொள்ளலாம் என்று.

ஆட்டோக்காரரும் அவளுமாகத் தொட்டியை இறக்கினார்கள். பிளாஸ்டிக் தண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு தக்காளிக் கொடி ஏறியிருந்தது. ஓலைகளுக்கு நடுவே பச்சையாகச் சில காய்கள், ஒன்று மட்டும் சிவக்கத் தொடங்கியிருந்தது. பாக்கு மரத்தில் தக்காளி. "மண்ணப் பாத்துட்டு சும்மா இருக்க முடியல ஆன்ட்டி, டெய்லி தண்ணி ஊத்தினேன்" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இது சாகவே இல்ல" என்றாள். கண் கலங்கியிருந்தது. எப்போது பறிக்கலாம் என்று என்னைக் கேட்கத்தான் தொட்டியோடு வந்திருந்தாள். போட்டோ எடுத்து அனுப்பியிருக்கலாமே என்று பால்ராஜ் கேட்டதற்கு, நேரில் பார்த்தால்தான் நான் நம்புவேன் என்று நினைத்தாளாம். கத்தரிக்கும் மிளகாய்க்கும் அதே மூட்டை வேண்டும் என்றாள். அது வேண்டாம் என்று சொல்லி, நல்லதாக இரண்டு மூட்டை எடுத்துக் கொடுத்தேன். கையை விட்டு, இறுக்கிப் பிடித்து, உதிர்த்து, மோந்து பார்த்துத்தான் வாங்கினாள்.

அதற்குள் கடையில் இருந்தவர்கள் எல்லாரும் தொட்டியைச் சூழ்ந்துவிட்டார்கள். உரம் கேட்காதவர்களும் உரம் கேட்டார்கள். பால்ராஜ் டேப்பைச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். "பிளாஸ்டிக்கையே காய்க்க வச்ச மண்ணு, ஷெட்ட எப்படி மூட?" என்றான். அது என் பரீட்சையில் தேறாத மூட்டை, அந்தத் தக்காளி முளைத்ததே அதன் குறைதான் என்று அவன் காதோடு சொன்னேன்.

"அத எதுக்கும்மா வெளிய சொல்லுதிய. உக்காருங்க, ஆளு நிக்கி."

எது நல்ல உரம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த என்னை இந்த நாற்காலியில் இருக்க வைத்தது, நானே நாடா கட்டி ஒதுக்கிய அந்த ஒரு மூட்டைதான்.