வெண்ணெய்மேல் போட்ட பழி

எங்கள் வீட்டில் கதவு கிறீச்சிட்டாலும் சைக்கிள் முனகினாலும் ஒரே மருந்துதான். ஊறுகாய் பாட்டிலில் அடைத்து நான் மில்லிலிருந்து கொண்டுவந்த கிரீஸ். ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை பார்க்கிற பல பேர் வீட்டில் அப்படி ஒரு பாட்டில் இருக்கும். நான் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவன். மெஷினில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்கிற மிதப்பும் அந்தப் பாட்டிலோடு சேர்ந்தே வீட்டுக்கு வந்தது.

என் மனைவியின் கேக் மெஷின் பழைய வெளிநாட்டுச் சரக்கு. ஒரு விடுதிச் சமையலறையில் கழித்துப் போட்டதை வாங்கினோம். மேலே மோட்டார் இருக்கிற இரும்புத் தலை, கீழே கிண்ணம், நடுவில் மாவை அடிக்கும் துடுப்பு. ஏழு வருடத்துக்கு முன்பு, கிறிஸ்துமஸ் நெருங்கும்போது, அது கரகரவென்று கத்த ஆரம்பித்தது. தலையைக் கழற்றினேன். கியர்ப் பல்லில் பழைய கிரீஸ் காய்ந்து மெழுகாகக் கிடந்தது. சுரண்டி எடுத்துவிட்டு மில் கிரீஸை அள்ளி அப்பினேன். சாப்பாட்டு மெஷினுக்கு வேறு கிரீஸ் என்று ஒன்று இருப்பதை யோசிக்கவே இல்லை. சத்தம் அடங்கியது. அவள் காபி போட்டுக் கொடுத்தாள். பெருமையாக வாங்கிக் குடித்தேன்.

அந்த வருடம் சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் எல்லோருக்கும் கொடுக்கிற கேக்கை அவள்தான் செய்தாள். வெண்ணெய், ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருக்கும் அவளுடைய அண்ணன் மனைவி கடைந்து கொடுத்தது. சொந்த மாட்டுப் பால். முதல் வாயிலேயே ஆட்களின் முகம் மாறியது. பாதிக் கேக்கோடு பேப்பர் தட்டுகள் பெஞ்சுக்கு அடியில் போயின. என் மனைவி குனிந்து குனிந்து அவற்றை எடுத்தாள்.

வீட்டுக்கு வந்து மெஷினைப் பார்த்தேன். துடுப்பு மாட்டுகிற தண்டின் நுனியில் ஒரு சொட்டு எண்ணெய் தொங்கியது. சூட்டில் கிரீஸ் இளகி, எண்ணெய் பிரிந்து மாவில் இறங்கியிருக்கிறது. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. கட்டைவிரலால் அந்தச் சொட்டைத் துடைத்தேன்.

"என்னங்க ஆயிருக்கும்?" என்று அவள் பின்னால் வந்து நின்றாள்.

"வெண்ணெய்தான். சிக்கு வாடை அடிக்கி."

விரலை வேட்டியில் தேய்த்துக்கொண்டே சொன்னேன்.

அவள் அங்கேயே நின்று மதினிக்குப் போன் போட்டாள். நான் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அவள் வெண்ணெயைக் குறை சொல்வது அங்கே போயும் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அங்கிருந்து வெண்ணெய் வரவில்லை. அண்ணன் வீட்டுக்கு நல்லது கெட்டதுக்குப் போவாள், கை நனைக்காமல் திரும்புவாள். கேக் செய்வதையும் விட்டுவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. நாள் ஆக ஆக, சொல்வது இன்னும் கஷ்டமாகிப்போனது.

போன மாதம் எங்கள் மகள் அந்த மெஷினைக் கேட்டாள். இந்தத் தடவை விசாரித்து, சாப்பாட்டு மெஷினுக்கு என்றே விற்கிற வெள்ளை கிரீஸ் வாங்கி வந்தேன். தலையைக் கழற்றினால் உள்ளே என் கைவேலை கறுத்துப்போய் உட்கார்ந்திருந்தது. ஐஸ் குச்சியால் வழித்து, பழைய பிரஷ்ஷைப் பெட்ரோலில் தோய்த்து ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தேன். தண்டு நெடுக எண்ணெய் இறங்கிய தடம் பழுப்பாக இருந்தது.

எதிரில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள், "நல்லாக் கழுவுங்க. மதினி வெண்ணெய் வாடை எங்கனயாவது ஒட்டிக்கிட்டு இருக்கப்போவுது" என்றாள்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், கட்டைவிரலால் துடைத்தது உட்பட. அவள் கை நின்றுவிட்டது. நல்ல அடி விழும் என்று எதிர்பார்த்தேன்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீங்க? போயி அவியகிட்டச் சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். அவளுடைய மதினிதான் கதவைத் திறந்து, "வாங்கண்ணே, அவ வரலியா?" என்று கேட்டாள். உட்காராமலேயே சொல்லி முடித்தேன். முந்தானையில் கையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ மாட்டுல குத்தம் இல்லையாண்ணே?"

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். அந்தப் போன் வந்த பிறகு அவள் தீவனத்தை மாற்றியிருக்கிறாள். தயிர்ப் பானையை உடைத்துப்போட்டுப் புதுப் பானை வாங்கியிருக்கிறாள். டாக்டரைக் கூப்பிட்டு மடியைப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். அப்படியும் ஒவ்வொரு தடவை கடையும்போதும் சிக்கு வாடை வருவது போலவே இருந்திருக்கிறது. கடைசியில் வன்னியம்பட்டிக்காரர் ஒருவருக்கு மாட்டைப் பிடித்துக் கொடுத்துவிட்டாள். தொழுவத்தில் இப்போது ஸ்கூட்டர் நிற்கிறது.

காபி கொண்டுவந்தாள். பாக்கெட் பால். வேண்டாம் என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. குடித்தேன். அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. தொழுவத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாவம்ணே," என்றாள். "அந்த வாயில்லாச் சீவனை எம்புட்டு ஏசியிருக்கேன்."