கொட்டகைக்குள் கொண்டுபோன தணல்

கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. என் வீட்டுக்காரரின் பழைய மொரிஸ் மைனர் கார் அதில்தான் நிற்கும். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ஏற்ற அந்தக் காரைத்தான் கூப்பிடுவார்கள். போன வருஷம் அதற்குப் பெயின்ட் அடித்தவர் எஞ்சினை மூடாமலே அடித்துவிட்டார். உள்ளே இருந்த சாமானெல்லாம் வெள்ளைப் புள்ளி. அன்றைக்கு அவற்றைக் கழற்றித் தரையில் பரப்பி, தட்டில் பெயின்ட் கரைக்கிற தின்னர் ஊற்றி, டூத் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர்.

வெளியே மழை. சாரல் படக்கூடாதென்று கதவைச் சாத்தியிருந்தார். மனுஷன் விறைத்துப்போவாரே என்று அடுப்புத் தணலை ஒரு சட்டியில் அள்ளிக்கொண்டு போனேன். கதவைத் திறந்ததும் நெடி மூக்கில் ஏறியது. பெயின்ட் வேலை என்றால் நாறத்தானே செய்யும் என்று நினைத்தேன்.

"ஏ புள்ள, உள்ள கொண்டாராத!" என்று அவர் கத்தும்போதே சட்டியைக் கீழே வைத்துவிட்டேன். தரை முழுக்கத் தீ ஓடியது. என்னை வெளியே தள்ளிவிட்டுத்தான் அவர் வந்தார். இரண்டு கையும் வெந்துபோயிருந்தன.

தின்னர் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவி நிற்குமாம். ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்கள். உயிர் தப்பியதே பெரிசு என்றார்கள்.

தட்டில் இருந்த தின்னர் எரிந்து தீர்ந்ததும் தீ அடங்கிவிட்டதால் காருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்டியரிங்கைப் பிடிக்க அவர் விரல்கள்தான் மடங்கவில்லை.

மிச்சச் சாமானை இப்போது நான் துடைக்கிறேன். மழை விட்ட நாளில், வெளியில் உட்கார்ந்து, அடுப்பை அணைத்த பிறகுதான் தின்னர் போத்தலைத் திறப்பேன். அவர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

அன்றைக்குக் குளிருது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாகத்தான் கொண்டுபோனேன்.