மணியடிக்கும் முன்னே

மலேசியாவில், எங்கள் சிகாமட் வீட்டில் அப்பாவின் பழைய கணினியில் பாட்டு கேட்கவில்லை. பின்பக்கம் குனிந்து பார்த்தேன். ஸ்பீக்கர் வயர் மைக் துளையில் செருகியிருந்தது. மாற்றிச் செருகியதும் மெல்லிய இரைச்சல் எழுந்தது. அந்த இரைச்சல் என்னைப் பள்ளிச் சீருடைக்குள் கொண்டுபோய் நிறுத்தியது.

அப்பாவுக்கு அப்போது சிங்கப்பூரில் வேலை. சாயங்காலங்களில் சூடேறிய கணினியின் தூசி வாசனையோடு நெத்திலிச் சம்பல் வாசனையும் கலந்திருக்கும். அம்மாவின் கைப்பேசி ஸ்பீக்கர் பக்கத்திலேயே கிடக்கும். அது மணியடிப்பதற்கு முன்பே, அழைப்பின் அலை பட்டு ஸ்பீக்கர் "டிட்டிடி டிட்டிடி" என்று படபடக்கும்.

"அப்பா கூப்பிடறாரு!" என்று அம்மா ஈரக்கையோடு ஓடிவருவாள். மணி அதற்குப் பிறகுதான் அடிக்கும்.

இப்போது பாட்டு தெளிவாக வந்தது. ஓய்வுபெற்று வீட்டோடு இருக்கும் அப்பா தன் கைப்பேசியை ஸ்பீக்கரை ஒட்டி வைத்தார்.

"எனக்குக் கூப்பிடும்மா."

கூப்பிட்டேன். மணி மட்டும் அடித்தது.

"இந்தக் காலத்துப் போனுக்கு அந்தச் சத்தம் வராதுப்பா."

"அலமாக்! நீங்க ரெண்டு பேரும் தெனம் கேட்டீங்க. கூப்பிட்ட நான் ஒருநாள்கூடக் கேட்டதில்லலா."

சமையலறையிலிருந்து அம்மா நாக்கால் அந்தச் சத்தத்தை எழுப்பினாள். "டிட்டிடி டிட்டிடி."

அப்பாவின் தலை அந்தப் பக்கம் திரும்பியது.

"பாட்டை நிறுத்தும்மா" என்றார்.