நீள முகத்துக்கு ஆள் தேடிய கதை

பல் டாக்டர் தொழிலில் வலியெல்லாம் நோயாளிக்குத்தான் என்று நினைப்பவர்கள், பிள்ளைகளை வைத்து ஆராய்ச்சி செய்து பார்த்ததில்லை. திருச்சியில் மேல்படிப்பு படிக்கும் எனக்கு வாய்த்த தலைப்பு, பிள்ளைகளின் தாடைத் தசை உழைப்புக்கும் முக அமைப்புக்கும் உள்ள தொடர்பு. கன்னத்தில் ஸ்டிக்கர் ஒட்டி, பல்லை இறுகக் கடிக்கச் சொன்னால் கம்ப்யூட்டரில் கோடு துள்ளும். அகல முகத்துக்குக் கோடு எகிறும், நீள முகத்துக்கு அடங்கியிருக்கும் என்பது பொதுவான கணிப்பு. ரெண்டு வகையும் வேண்டும். நீள முகம் போதாவிட்டால் இன்னொரு வருஷம் இங்கேயே குப்பை கொட்டலாம் என்று ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் எங்கள் மேடம் சொல்லிவிட்டார். பிள்ளைக்கு ஒரு வாய் சோறு ஊட்டப் போராடியவர்களே, உங்களுக்காவது என் பாடு புரியும்.

உருண்டை வம்சம்

மலைக்கோட்டைப் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மாவின் பையனைப் பார்த்ததும் எனக்கு வாயெல்லாம் பல். அப்படியொரு நீள முகம். ஆனால் அதைப் பெற்றவளிடம் எப்படிச் சொல்வது? சுற்றி வளைத்து, "கொஞ்சம் நீளவாக்கு" என்றேன். அவ்வளவுதான், போனை எடுத்துக் கல்யாண போட்டோக்களாகத் தள்ள ஆரம்பித்துவிட்டார். மாமா, சித்தப்பா, அத்தை என்று அத்தனை பேரையும் பார்த்தேன். ஒரு முகம் பாக்கியில்லை, எல்லாம் நீளம்.

"நல்லா பாருங்க டாக்டர், எங்க பரம்பரையிலயே உருண்டை மூஞ்சிதான்."

ஏகாதசிக் கடலை

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒருவர் மகனை அழைத்து வந்தார். கடித்து முடித்ததும் மெல்லவும் வேண்டும் என்று வேர்க்கடலையை நீட்டினேன். அன்று ஏகாதசியாம், பையனும் உபவாசமாம். அப்பாவே யோசித்து, மென்றுவிட்டுத் துப்பட்டும் என்றார். பையன் கண்ணை மூடிக்கொண்டு ரசித்து மென்றான். துப்பச் சொல்லிக் கிண்ணத்தை நீட்டினால் வாய் காலி! விரதத்தைக் கெடுத்துவிட்டோமே என்று எனக்கு வியர்த்துவிட்டது. அப்பா மகனை முறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"விடுங்கோ, ஆராய்ச்சிக்கு மென்னது பெருமாள் கணக்குல வராது."

அகலத்துக்குக் குறைவில்லை

காந்தி மார்க்கெட் பழ வியாபாரி ஒருவரின் மகனுக்குச் சதுர முகம். அவன் கடித்த கடியில் கோடு திரையை விட்டே வெளியே போய்விட்டது. வந்ததிலிருந்து என் கல்யாணம், சம்பளம் எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டே இருந்தான். முகம் அகலமென்று அவன் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"வாயும் அகலம்தாங்க, அதையும் அளந்துடுங்க."

போட்டி

கடைசியில் ஒரே ஒரு நீள முகம் குறைந்தது. திருவெறும்பூரிலிருந்து, ஃபாக்டரியில் வேலை பார்க்கும் ஒருவர் தன் ஒன்பது வயது மகளைக் கூட்டிவந்தார். நாற்காலியில் உட்கார்ந்தவள் கன்னத்திலிருந்து கையை எடுக்கவே இல்லை. கிளாஸில் குதிரை மூஞ்சி என்கிறார்களாம், இப்போது நானும் அதையே எழுதிவைக்கப் போகிறேனாம். அந்தப் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துக் காதைத் திருக வேண்டும் போல் இருந்தது எனக்கு.

திடீரென்று அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, உங்களுக்கும் நீளம்தானே என்றாள். அவள் அப்பா தரையைப் பார்த்தார். ஆமாம் என்று ஒப்புக்கொண்டேன், வேறு வழி? அப்படியென்றால் முதலில் நீங்கள் கடியுங்கள் என்றாள். என் கன்னத்திலும் ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு, மானத்தைக் காப்பாற்றப் பல் உடையும் அளவுக்குக் கடித்தேன். கோடு சோம்பேறித்தனமாக லேசாக எழுந்து படுத்துக்கொண்டது.

அடுத்து அவள் கடித்தாள். என் கோட்டைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது! கணிப்புக்கு ஒத்துவரவில்லையே, மேடம் இவளைத் தள்ளிவிடுவாரோ என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மேடம், வந்ததை வந்தபடி சேர்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாடா! ஸ்டிக்கரை எடுக்கப் போனேன், அவள் விடவில்லை.

"இருக்கட்டும் அக்கா, நாளைக்கு ஸ்கூலுக்கு இப்படியே போறேன். டாக்டரையே ஜெயிச்சவ மூஞ்சின்னு பாக்கட்டும்."

ஆக, பட்டம் என் கைக்கு வந்து சேர்வதற்கு முன்னாலேயே, பல்லைக் கடிப்பதில் நான் தோற்றுப்போன சேதி திருவெறும்பூரில் ஒரு பள்ளிக்கூடம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது.