புரட்டாசி வடாமும் கோழிப்பண்ணைத் தூசியும்

உங்களுக்கு வேறு வேலையே இல்லையா? போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோம் என்றதும் இத்தனை விசாரிப்பா! அடுத்த வீட்டுக் கதை என்றால் காது எப்படி நீள்கிறது பாருங்கள்... சரி, சொல்கிறேன். கேட்டுவிட்டுச் சாப்பாடு இறங்கவில்லை என்று என்னிடம் வரக் கூடாது.

என் மகள் அமுதாவை மருங்காபுரிப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறேன். மானாவாரி நிலம், கடலை விவசாயம், சொந்த மாடி வீடு. நல்ல இடம்தான் — பக்கத்துக் கொல்லையில் கோழிப்பண்ணை வரும்வரை.

நாலு ஷெட். ரயில் பெட்டி மாதிரி நீளம். சுற்றிலும் கம்பி வலை. தரையில் தேங்காய் நார்த்தூளைப் பரப்பி, அதன் மேல்தான் கோழி வளர்கிறது. கோழி கறிக்கடைக்குப் போனதும் அந்தத் தூளைச் சுரண்டி அள்ளுவார்கள். எச்சம், இறகு, தீவனப் பொடி எல்லாம் அதில் காய்ந்து கிடக்கும். அள்ளும்போது கிளம்புமே ஒரு புழுதி! நேரே அமுதா வீட்டுக்குத்தான். கொடியில் காயும் துணியில், துளசியில், தண்ணீர்க் குடத்து மூடியில்... விரலாலேயே கோலம் போடலாம்.

கோலத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. அமுதாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு விசில் அடிக்கிறது. திருச்சி டாக்டர் இன்ஹேலரைக் கொடுத்துவிட்டு, “தூசி இல்லாத இடமாப் பாத்து இருங்கம்மா” என்றார். வீட்டைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டா போக முடியும்?

மாப்பிள்ளை புகார் செய்தார். அதிகாரி ஒருவர் வந்தார். எப்போது? கோழியை எல்லாம் ஏற்றி அனுப்பி, ஷெட்டைக் கழுவிவிட்ட பிறகு! பண்ணைக்காரர் அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

“எல்லாம் செம்மண் தூசி சார். வறண்ட பூமி. காத்தடிச்சா பறக்கத்தானே செய்யும்?”

அதிகாரி தலையாட்டினார். இளநீரை உறிஞ்சினார். போய்விட்டார்.

பண்ணைக்காரர் கெட்டவரா? அதுதான் இல்லை. நெற்றி நிறைய நாமம். புரட்டாசி பிறந்தால் முட்டையைக்கூடத் தொட மாட்டார் — தொழிலே கோழி, அவருக்கு!

இந்த வருஷப் புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை அமுதா வீட்டில் பெருமாளுக்குத் தளிகை போட்டோம். அக்கம்பக்கத்தைச் சாப்பிடக் கூப்பிடுவது வழக்கம். அவரையும் கூப்பிடச் சொன்னேன்.

“அந்தாளு எதுக்கும்மா?” என்று முறைத்தாள் அமுதா.

“சாமி சாப்பாட்டுல பகை பாக்கக் கூடாதுடி.”

நான் இவ்வளவு நல்லவளாகப் பேசியதும் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

வந்தார். உட்கார்ந்தார். சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, வடை எல்லாம் திருப்தியாகச் சாப்பிட்டார். கூழ் வடாம் கொண்டுவந்து முதலில் அவர் இலையில் வைத்தேன்.

“வடாம் நல்லாப் பொரிஞ்சிருக்கேம்மா. கடையில வாங்குனதா?”

“கடையா! நானே பிழிஞ்சது தம்பி. மேல மொட்டை மாடியில காய வச்சது.”

வாய்க்குப் போன கை பாதியில் நின்றது.

“இந்த மாடியிலயா?”

“வேற யாரு மாடிக்குப் போவேன்?”

வடாம் இலையோரத்துக்கு நகர்ந்தது. “வேணாம்மா... விரதம்.”

“ஏன், வடாத்துல கறியா இருக்கு?”

“அதுக்கில்லம்மா. பக்கத்துல ஷெட்டு. நேத்துதான் சுரண்டினோம். எச்சம், இறகுன்னு எதுனா வந்து விழுந்து...”

நாக்கைக் கடித்துக்கொண்டார். விடுவேனா?

“செம்மண்ணுக்கு எப்ப தம்பி இறகு முளைச்சுது?”

பந்தியே நிமிர்ந்து பார்த்தது. மனிதர் இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டார். அமுதா சிரித்தாள்... சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, இன்ஹேலரைத் தேடி ஓடினோம். நான் ஜெயித்த லட்சணம் அது.

முகத்தைச் சுளிக்காதீர்கள். அந்த வடாம் ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு மாடியில் காய்ந்தது. பெருமாளுக்குப் படைப்பதில் கோழி எச்சத்தையா கலப்பேன்?

அதற்குப் பிறகு மனிதர் மாறினார். பச்சை வலை கட்டினார். தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் சுரண்டினார். அமுதாவும் ராத்திரியில் படுத்துத் தூங்கினாள். எதுவரைக்கும்? புரட்டாசி முடியும்வரை!

ஐப்பசி பிறந்தது. தீபாவளிக் கிராக்கி. நாலு ஷெட்டிலும் கோழி நிரம்பியது. வலை கிழிந்து தொங்கியது, தண்ணீர் தெளிக்க நேரமில்லை. மழையையும் காணோம். கறிக்கடை வரிசையில் நின்றது யார்? நீங்களும் நானும்தான்.

வாய்க்குள் போவதற்கு விரதம் இருக்கிறோம். மூக்குக்குள் போவதற்கு யார் விரதம் இருப்பது?

போன வாரம் அமுதா பையோடு ஸ்ரீரங்கம் வந்துவிட்டாள். கடலையையும் வீட்டையும் மாப்பிள்ளை பார்த்துக்கொள்கிறார். எப்போது திரும்பிப் போவாய் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

எங்கள் தெருவுக்குப் பொறுக்குமா? காய் வாங்கும் சாக்கில் நாலு பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள்.

“பொண்ணு வந்திருக்காளாமே, ஏதாவது விசேஷமா?”

“விசேஷமெல்லாம் ஒண்ணுமில்லைங்க” என்றேன். “ரெண்டு மூச்சு விட்டுட்டுப் போலாம்னு வந்திருக்கா.”