படிகாரத் தண்ணீரில் நாற்பது நாள்

என் அப்பா வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே அவருடைய கால் நாற்றம் நுழைந்துவிடும். பெற்ற தகப்பனைப் பற்றி மகள் இப்படிச் சொல்லலாமா என்றால், போத்தனூர் ரயில்வே வீடுகளில் அது ஊரறிந்த ரகசியம். அப்பா எஞ்சினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன். தெறிக்கும் கங்குக்காகக் கனத்த பூட்ஸை மாட்டிக்கொண்டு நாளெல்லாம் அனல் முன்னால் நிற்பவருக்குக் கால் வேர்க்காமல் என்ன செய்யும்? கழற்றினால் பாதம் வெளுத்து ஊறிப்போய், விரலிடுக்குகளில் தோல் உரிந்திருக்கும். அம்மா மூக்கைச் சுளித்து நான் பார்த்ததில்லை. எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், எனக்கு எட்டு வயது. நாற்பது நாள் தவசுகாலம் தொடங்கும் விபூதிப் புதனன்று பங்குச் சாமியார் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். தவசுகால முடிவில் வரும் பெரிய வியாழனன்று, இயேசு தம் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்து, எங்கள் கோயிலில் சாமியார் பன்னிரண்டு ஆண்களின் பாதங்களைக் கழுவுவார். அந்தப் பன்னிரண்டு பேர் எப்போதும் கடை முதலாளிகளும் ஆபீஸ் ரைட்டர்களுமாகவே இருப்பார்கள். கரி அள்ளுகிற ஒருவரைச் சேர்த்தது அதுவே முதல் தடவை.

அப்பா வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அவர் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. அம்மாவோ அவர் பாதங்களைத்தான் பார்த்தாள். கழுவுவதோடு விட்டால் பரவாயில்லை. துடைத்துவிட்டுச் சாமியார் குனிந்து அந்தப் பாதத்தை முத்தமிடவும் வேண்டும். சபை முழுக்கப் பார்த்திருக்க அவர் முகம் ஒரு கணம் சுளித்துவிட்டால், அப்பா அப்புறம் அந்தக் கோயில் படியேற மாட்டார்.

மறுநாளே அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி கம்பவுண்டரிடம் போனாள்.

“ஈரம் நின்னாத்தானுங்க அம்மணி நாத்தம்” என்றார் அவர். “வெரலிடுக்கெல்லாம் ஈரமில்லாமத் தொடைக்கோணும். நேத்துப் போட்ட சாக்ஸ இன்னைக்குப் போடப்படாது. தெனமும் படிகாரத் தண்ணில காலை ஊற வெச்சுப்போடுங்க.”

அன்று தொடங்கியது. அப்பா டியூட்டி முடிந்து வந்ததும் அம்மா வேப்பிலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் படிகாரத்தைக் கரைத்து அவர் காலடியில் வைப்பாள். ஊறிய பாதங்களை மடியில் தூக்கிவைத்து, பழைய சேலைத் துணியால் விரல் விரலாகத் துடைப்பாள். காலுறை ஒன்று அவர் காலில் இருந்தால் இன்னொன்று கொடியில் காயும். பூட்ஸுக்குள் பழைய காகிதம் திணித்து வைத்து, விடிந்ததும் வெயிலில் கவிழ்ப்பாள். அதை மோந்து பார்த்துச் சொல்லும் உத்தியோகம் எனக்கு.

அப்பா பீடியைப் புகைத்தபடி எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்.

“சுடுது புள்ளே.”

“இருங்க, பச்சத்தண்ணி ஊத்தி வெளாவித் தாரேன்.”

நாற்பது நாளும் அவர்கள் அதற்குமேல் பேசி நான் கேட்டதில்லை. அப்பா கெட்டவரல்ல. காலை நீட்டுவது தன் வேலை, பிடிப்பது அவள் வேலை என்று இருந்தவர், அவ்வளவுதான். நாலாவது வாரம் தோல் உரிவது நின்றது. பெரிய வியாழனுக்கு முந்தின குருத்து ஞாயிறன்று நான் பூட்ஸுக்குள் மூக்கை விட்டுப் பார்த்துவிட்டு, “தோல் வாசம்தானுங்கம்மா வருது” என்றேன். அம்மா நம்பாமல் தானும் ஒருமுறை மோந்து பார்த்தாள்.

பெரிய வியாழன் பிற்பகல். பீடத்துக்கு முன்னால் போட்ட பெஞ்சியில் அப்பா கடைசி ஆளாக உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கத்தில் நானும் அம்மாவும். எல்லோரும் பக்தியோடு சாமியாரைப் பார்த்தார்கள் என்றால், நான் அவருடைய மூக்கை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் முறை வந்தபோது அம்மா என் மணிக்கட்டை வலிக்க வலிக்கப் பிடித்தாள். சாமியார் மண்டியிட்டார், செம்பிலிருந்து நீர் வார்த்தார், துண்டால் துடைத்தார், குனிந்து முத்தமிட்டார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அம்மாவின் பிடி தளர்ந்தது. மானம் பிழைத்தது என்று நானும் மூச்சு விட்டேன்.

ஆனால் அப்பாவின் தோள்கள் குலுங்கின. பிறகு தலையைத் தூக்கி, பெண்கள் பக்கத்தில் யாரையோ தேடினார்.

வீட்டுக்கு வந்ததும் அவரே அடுப்பில் தண்ணீர் காயவைத்தார். குண்டாவில் ஊற்றி, கைவிட்டுச் சூடு பார்த்து, அம்மாவின் முன்னால் வைத்தார்.

“உக்காரு புள்ளே.”

“என்னங்க இது, கொழந்தை பாக்குது. பாவமுங்க.”

“உக்காருங்கறேன்.”

அம்மா காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். அப்பா தரையில் உட்கார்ந்து அதை வெளியே எடுத்தார். குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு, வெடிப்புக்குள் கரித்தூள். கரி அள்ளும் அந்தக் கையால், அவசரமே இல்லாமல், விரல் விரலாகக் கழுவினார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினாள். அப்படி அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. “உடுங்கப்பா, அம்மாவுக்கு வலிக்குது” என்றேன்.

வலியில்லை என்று அம்மா தலையாட்டினாள். நான் நம்பவில்லை. அப்பாவும் விடவில்லை.

அம்மாவை அழவைத்த மனிதர் என்று, உயிர்ப்பு ஞாயிறான பாஸ்குத் திருநாள் வரைக்கும் நான் அவரோடு பேசவில்லை.